வடிவமும் வாணிகமும்
ஹார்லி எர்லின் மோட்டார்க் கலை: ஒரு திறனாய்வு

பயன்படு பொருள்களில் அழகைத் தேடுவது தகுமா என்னும் வினா பழமையானது. நீர் சுமக்கும் குடத்தை எடுத்துக்கொள்வோம். இடுப்பில் ஏந்துவதற்கு ஏற்ற வளைவே அதற்கு அழகாகவும் அமைந்துவிட்டது. அதன் கழுத்தில் சிறிது பூவேலை செய்தால் கண்ணுக்கு இனிமை கூடும். கழுத்தைப் பிடிக்கவே இயலாதபடி பூவேலையை வளர்த்துவிட்டால் குடம் கைக்கு உதவாது. நாளடைவில் கண்ணுக்கும் சலித்துப்போகும். இந்த எளிய அளவுகோலைக் கொண்டு, இருபதாம் நூற்றாண்டின் வாழ்வையே மாற்றிய மோட்டார் வண்டியின் தோற்றத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்க மோட்டார் வண்டியின் உருவத்தை 1927 முதல் 1958 வரை, முப்பத்தோர் ஆண்டுகள், பெரிதும் ஒரு மனிதரின் கண்ணே ஆண்டது எனலாம். அவர்தாம் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவராயிருந்த ஹார்லி எர்ல் (1893–1969). நீண்டு தாழ்ந்த உடல், பளபளக்கும் குரோமியம், பின்புறத்தில் மீனின் துடுப்புப்போல் எழும் தகடுகள் ஆகியவை, பழைய அமெரிக்கக் கார் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றும். இவை யாவும் அவருடைய கூடத்தோடு தொடர்புடையவை. எர்லைப் பெருங்கலைஞர் என்று போற்றுவோர் உளர்; மக்களின் பணத்தை வீணே கரைத்த வாணிகத் தந்திரக்காரர் என்று தூற்றுவோரும் உளர். இரு சாராரும் 1959ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டியையே சான்றாகக் காட்டி வாதிடுவதுதான் வியப்பு.

அந்த ஒரு வண்டியைக் கொண்டு எர்லை அளப்பது முறையன்று என்பது என் கருத்து. அவர் வண்டிக்குத் தந்த அமைப்பு வேறு. அதன்மேல் ஏற்றிய அணி வேறு. முன்னது இன்றளவும் பயன் தருகிறது. பின்னது அவருடைய பெருமையையே மங்கச் செய்தது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தாலன்றி அவரைப் பற்றி நேர்மையான முடிவுக்கு வர இயலாது.

எர்லுக்கு முன்

ஹென்றி போர்டின் 'டி' வகை வண்டி 1908 முதல் 1927 வரை செய்யப்பட்டது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வண்டிகள் விற்பனையாயின. அதன் விலை படிப்படியாகக் குறைந்து, 1920-களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே வந்தது. உழவனும் தொழிலாளியும் வண்டி வாங்க வழி செய்த பெருமை போர்டுடையது. ஆயினும் அவ்வண்டியின் தோற்றத்தைப் பற்றி எவரும் கவலை கொண்டதாகத் தெரியவில்லை. 1914 முதல் 1925 வரை அது கறுப்பு நிறத்தில் மட்டுமே கிடைத்தது. எஞ்சின் பெட்டி, கூரை, மட்கார்டு, விளக்கு என ஒவ்வொன்றும் தனித்தனியே செய்து முடுக்கப்பட்டவை போல் நின்றன. உயரமோ ஓர் ஆளின் உயரத்தை எட்டியது.

அழகிய வண்டி வேண்டுமென்றால் செல்வர்க்கு வேறு வழி இருந்தது. அவர்கள் சட்டத்தையும் எஞ்சினையும் வாங்கி, வண்டியுடல் கட்டும் தொழிற்கூடத்தில் கொடுத்துத் தம் விருப்பப்படி உடலைச் செய்வித்துக்கொண்டனர். ஆகவே பயன் பொதுமக்களுக்கும் அழகு செல்வர்க்கும் என்று பிரிந்து கிடந்தது.

1923-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைவரான ஆல்பிரட் ஸ்லோன் நிலைமையைக் கூர்ந்து நோக்கினார். வண்டி வாங்கக்கூடியவர்களுள் பெரும்பாலோர் ஏற்கெனவே ஒன்று வாங்கிவிட்டனர். அவர்களை இரண்டாவது வண்டி வாங்கச் செய்வது எப்படி? செவ்ரலேயில் தொடங்கிக் காடிலாக்கில் முடியும் ஒரு படிவரிசையை அவர் ஏற்படுத்தினார். தவணைமுறை விற்பனையும் பழைய வண்டியை ஈடாக ஏற்கும் வழக்கமும் அவருக்குத் துணை நின்றன. அந்த நேரத்தில் டியூகோ என்னும் புதுவகைச் சாயமும் வந்து சேர்ந்தது. வாரக்கணக்கில் உலர வேண்டியிருந்த வண்டிச் சாயம் சில மணி நேரத்தில் உலர்ந்தது. பல நிறங்களில் வண்டி செய்வது எளிதாயிற்று. ஸ்லோனுக்கு இனித் தேவைப்பட்டவர் நிறமும் வடிவமும் அறிந்த ஒருவரே.

களிமண் கற்றுக்கொடுத்த பாடம்

எர்ல் பிறந்த ஊர் ஹாலிவுட். தந்தையார் குதிரை வண்டிகள் கட்டியவர். பின்னர் மோட்டார் வண்டிகளுக்கு உடல் கட்டத் தொடங்கினார். ரோஸ்கோ ஆர்பக்கிள், டாம் மிக்ஸ் முதலிய திரைப்பட நடிகர்களுக்கு அக்கூடத்தில் வண்டிகள் உருவாயின. 1919-இல் காடிலாக் விற்பனையாளரான டான் லீ அதனை விலைக்கு வாங்கியபோது, இளைஞரான எர்ல் அங்கேயே வடிவமைப்பாளராகத் தொடர்ந்தார்.

அவருடைய தொழில்முறையில் ஒரு புதுமை இருந்தது. அக்காலத்தார் மரச்சட்டத்தின்மேல் தகட்டை அடித்து வடிவம் கண்டனர். உறுப்புகளைத் தனித்தனியே செய்து பின்னர் ஒன்று சேர்த்தனர். எர்ல் வண்டி முழுவதையும் களிமண்ணில் வடித்துப் பார்த்தார். தச்சன் பலகைகளைப் பொருத்துகிறான். சிற்பி ஓர் உருவத்தை வடிக்கிறான். இவ்விருவருக்கும் உள்ள வேறுபாடே எர்லுக்கும் அவர் காலத்தவர்க்கும் இருந்த வேறுபாடு. களிமண்ணில் மட்கார்டின் வளைவு கதவுக்குள் ஓடலாம். எஞ்சின் பெட்டியின் கோடு பின்புறம் வரை நீளலாம். வண்டியை ஓருருவமாகக் காணும் பார்வை இங்குப் பிறந்தது.

இதனை நேரிற் கண்ட காடிலாக் தலைவர் லாரன்ஸ் பிஷர், எர்லை டெட்ராய்ட்டுக்கு அழைத்தார். காடிலாக்கைவிடச் சற்று விலை குறைந்த லசால் என்னும் வண்டி 1927-இல் அவருடைய வடிவமைப்பில் வெளிவந்தது. ஐரோப்பியச் செல்வர்களின் ஹிஸ்பானோ-சுயிசா வண்டியைப் பார்த்து வடித்தது இது என்பது உண்மையே. எர்லும் அதை மறைக்கவில்லை. முதனூல் அன்று, வழிநூலே என்று இதனை ஒதுக்குவார்க்கு நாம் சொல்லும் விடை ஒன்றுண்டு. தனித்தனியே கையால் செய்து செல்வர்க்கு விற்ற அழகை, எந்திரத்தில் ஆயிரக்கணக்கில் செய்ய இயலும் என்று முதலில் மெய்ப்பித்த வண்டிகளுள் லசால் தலையாயது. அழகு ஒரு படி கீழிறங்கி வந்தது என்பதே அதன் சிறப்பு.

அவ்வாண்டிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 'கலை, வண்ணப் பிரிவு' ஒன்றைத் தொடங்கி எர்லைத் தலைவராக்கியது. ஐம்பது பேருடன் தொடங்கிய அப்பிரிவை, எஞ்சின் வல்லுநர்கள் 'அழகு நிலையம்' என்று கேலி செய்தனர். கேலி செய்ததோடும் அவர்கள் நிற்கவில்லை. 1929ஆம் ஆண்டுப் பியூக் வண்டிக்கு எர்ல் வகுத்த அளவுகள் தொழிற்சாலையில் மாற்றப்பட்டன. சாளரத்திற்குக் கீழே மெல்லியதாக ஓட வேண்டிய வளைவு, பருத்த வயிறாகத் தோன்றியது. 'கருவுற்ற பியூக்' என்று மக்கள் நகைத்தனர், விற்பனையும் சரிந்தது. ஓரிரு அங்குலம் பிசகினாலும் வடிவம் கெடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. வடிவமைப்பாளரின் சொல் தொழிற்சாலையின் இறுதிப் படி வரை செல்ல வேண்டும் என்பதை எர்ல் அன்று கற்றார். 1940-இல் அவர் நிறுவனத்தின் துணைத்தலைவர்களுள் ஒருவரானார். அத்தகைய பெருநிறுவனத்தில் வடிவமைப்பாளர் ஒருவர் அப்பதவியை அடைந்தது அதுவே முதன்முறை.

நீளமும் தாழ்வும்

தம் நோக்கத்தை எர்ல் ஒளித்ததில்லை. அமெரிக்க வண்டியை நீளச் செய்வதும் தாழச் செய்வதுமே பல்லாண்டுகளாகத் தாம் மேற்கொண்ட பணி என்று 1954-இல் எழுதினார். சதுரத்தைவிட நீள்சதுரமே கண்ணுக்கு இனியது என்பது அவர் கொள்கை.

இக்கொள்கையின் நிறைவை 1938-இல் செய்யப்பட்ட பியூக் 'ஒய்-ஜாப்' வண்டியில் காணலாம். விற்பனைக்கென்று செய்யாமல், வருங்கால வடிவங்களைச் சோதிக்கவும் மக்களுக்குக் காட்டவும் செய்த வண்டி அது. பெரிய நிறுவனம் ஒன்று அந்நோக்கத்துடன் வண்டி செய்தது அதற்குமுன் இல்லை என்பர். பக்கங்களில் ஏறுபடி இல்லை. முன்விளக்குகள் வேண்டாதபோது மூடிக்கொள்ளும். கதவின் கைப்பிடி உடலோடு ஒட்டிக் கிடக்கும். சாளரக் கண்ணாடி மின்விசையால் ஏறி இறங்கும். எர்ல் அதைப் பல ஆண்டுகள் தம் சொந்த வண்டியாக ஓட்டினார். இன்று அதன் படத்தைப் பார்ப்பவர் அதில் குரோமியம் குறைவாக இருப்பதைக் கண்டு வியப்பர். ஒரே வீச்சில் முன்னிருந்து பின்னோடும் கோடே அதற்கு அணியாயிற்று.

சோதனை வண்டியில் கண்டதைப் பொதுமக்களின் வண்டிக்கும் கொண்டு வந்ததே எர்லின் பெரும்பணி. 1935ஆம் ஆண்டு வண்டிகளில் கூரை முழுவதும் ஒரே எஃகுத் தகடாயிற்று. பின்னர்ப் பெட்டியறை உடலோடு இணைந்தது, ஏறுபடிகள் மறைந்தன, விளக்குகள் மட்கார்டுக்குள் புகுந்தன. 1920-களில் ஆறடியை நெருங்கி நின்ற மூடுவண்டி, 1950-களின் இறுதியில் ஐந்தடிக்கும் கீழே தாழ்ந்தது. தாழ்ந்த வண்டி வளைவுகளில் அசைவு குறைந்து ஓடும் என்பதால் இம்மாற்றம் கண்ணுக்கு மட்டும் ஆனதன்று. மேலும், ஒரே உடற்கூட்டைப் பல பெயர் வண்டிகள் பகிர்ந்துகொண்டதால், விலைமிக்க வண்டியின் அளவமைதி விலை குறைந்த வண்டிக்கும் கிடைத்தது. 1955ஆம் ஆண்டுச் செவ்ரலேயைப் பாருங்கள். முகப்பில் கட்டம் கட்டமான எளிய வலை; பக்கத்தில் ஓரிரு கோடுகள். மிகைப்பட்டது என்று சொல்ல ஒன்றுமில்லை. எர்லின் கூடத்தில் பிறந்த வண்டிகளுள் அளவறிந்து நின்றது இதுவென்பேன்.

வால்துடுப்பின் வளர்ச்சி

இனி அணியின் பக்கம் வருவோம். லாக்ஹீட் நிறுவனம் பி-38 என்னும் போர் விமானத்தை உருவாக்கியது. இரட்டை உடலும் இரட்டை வாலும் கொண்ட அதனைப் பார்க்க எர்ல் தம் குழுவினரை அழைத்துச் சென்றார். அந்த வாலின் நினைவு 1948ஆம் ஆண்டுக் காடிலாக்கின் பின்புறத்தில் சிறு துடுப்பாக எழுந்தது. பிராங்க் ஹெர்ஷி என்பவருக்கு அதில் பெரும்பங்கு உண்டு. கைப்பிடி அளவே எழுந்த அத்துடுப்பில் பின்விளக்கு அமைந்திருந்தது; இடப்பக்க விளக்கைத் தூக்கினால் பெட்ரோல் ஊற்றும் வாய் தெரியும். ஆக, அந்த அணிக்கு ஓர் இடமும் இருந்தது. ஒரு வேலையும் இருந்தது.

பின்னர் நேர்ந்தது என்ன? புதிய வண்டி சென்ற ஆண்டு வண்டியினின்றும் வேறாகத் தோன்ற வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. துடுப்பு மக்களுக்குப் பிடித்திருந்தது. ஆகவே அதை நீக்க இயலாது. அப்படியே விடவும் இயலாது. எஞ்சிய வழி அதை வளர்ப்பது ஒன்றே. 'மோட்டோராமா' என்ற பெயரில் நடந்த கண்காட்சிகளில் ஜெட் விமானம் போன்ற சோதனை வண்டிகளைக் கண்டு மக்கள் மயங்கினர். மற்ற நிறுவனங்களும் துடுப்பை மேற்கொண்டன. 1957-இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் வர்ஜில் எக்ஸ்னர், உயர்ந்து கூர்த்த துடுப்புகளுடன் வண்டிகளை வெளியிட்டார். இவர் முன்பு எர்லிடம் பணிபுரிந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. வேகத்தில் வண்டியை நிலைநிறுத்தத் துடுப்பு உதவும் என்று கிரைஸ்லர் நிறுவனம் கூறியது. அழகென்று சொல்ல நாணியவர்கள் பயனென்று சொல்லத் தலைப்பட்டனர் போலும்!

எர்லின் கண் தளர்ந்ததை 1958ஆம் ஆண்டு வண்டிகள் காட்டின. அவ்வாண்டுப் பியூக்கின் முகப்பில் மட்டும் 160 குரோமியச் சதுரங்கள் பதிக்கப்பட்டன. பொருளாதாரத் தேக்கமும் சேர்ந்துகொள்ள, பியூக் விற்பனை வீழ்ந்தது. அதற்கு முன்பே, 1956-இல், எர்லின் குழுவைச் சேர்ந்த சக் ஜோர்டன் என்ற இளைஞர் கிரைஸ்லரின் வரவிருக்கும் வண்டிகளை வேலியோரமாக நின்று கண்டு திகைத்தார். எர்ல் ஐரோப்பாவுக்குச் சென்றிருந்த வேளையில், இளையோர் 1959-க்கென அவர் ஒப்பிய வடிவங்களை ஒதுக்கிவிட்டுப் புதியன வரைந்தனர். திரும்பி வந்த எர்ல் அவற்றை ஏற்றார். பதினெட்டே முக்கால் அடி நீளமும், வானை நோக்கிய துடுப்புகளும், அவற்றின் நடுவே இரட்டைக் குண்டுபோன்ற சிவப்பு விளக்குகளும் கொண்ட 1959ஆம் ஆண்டுக் காடிலாக் இவ்வாறு பிறந்தது. எர்லின் உச்சம் என்று உலகம் கொண்டாடும் வண்டி, உண்மையில் அவர் ஆணைக்கு எதிராக எழுந்த கலகத்தின் குழந்தை!

அணியிலக்கணம் பயின்ற தமிழருக்கு இந்நோய் புதிதன்று. உவமை பொருளை விளக்க வந்தது. உவமைக்காகவே பொருளைத் தேடிய பாட்டு விரைவில் மறக்கப்படும். எர்லின் வளைந்த முன்கண்ணாடியும் அத்தகையதே. பக்கம் வரை சுற்றி வளைந்த அக்கண்ணாடி 1950-களின் நடுவில் நிறுவனத்தின் வண்டிகள் அனைத்திலும் பரவியது. பார்க்க அழகுதான். ஆனால் வளைவில் காட்சி திரிந்து தோன்றிற்று. அதைத் தாங்கிய தூணின் மடிப்போ வண்டியில் ஏறுவோரின் முழங்காலில் இடித்தது. குடத்தின் கழுத்தை மறைத்த பூவேலை இதுதான்.

விதியின் குற்றமா, கலைஞரின் குற்றமா?

ஆண்டுதோறும் வடிவத்தை மாற்றும் முறையைப் பலர் கண்டித்தனர். வான்ஸ் பேக்கர்ட் 1960-இல் இத்தகைய வீண்செலவைச் சாடி நூல் எழுதினார். ரால்ப் நேடர் 1965-இல் வெளியிட்ட நூலில், தோற்றத்திற்காக உயிர்க்காப்பைப் புறக்கணித்ததையும், கூரிய துடுப்புகளால் நடந்து செல்வோருக்கு நேர்ந்த தீங்கையும் எடுத்துக் காட்டினார். 1966-இல் வண்டிகளின் பாதுகாப்பு பற்றிய சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது.

முறையை ஆதரிப்போர் கூறும் நியாயத்தையும் கேட்க வேண்டும். செல்வர் மூன்றாண்டில் கைவிட்ட வண்டி ஏழைத் தொழிலாளிக்குக் குறைந்த விலையில் கிட்டியது. ஆண்டுதோறும் புதிய வண்டி செய்ததால் பலருக்கு வேலை நிலைத்தது. இவை பொய்யல்ல. கடல் கடந்த நம் தோட்டங்களையும் அச்சந்தை தொட்டது. மலாயாவில் தமிழ்த் தொழிலாளர் சீவிய ரப்பரில் பெரும்பகுதி அமெரிக்க வண்டிகளின் டயராகியது. 1929-க்குப் பின் அங்கே வண்டி விற்பனை சரிந்தபோது, இங்கே ரப்பர் விலை வீழ்ந்து, ஆயிரமாயிரம் தொழிலாளர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். ஆகவே, வண்டி விற்க வேண்டும் என்ற கவலையை வெறும் பேராசை என்று நாம் எளிதில் தள்ளிவிட முடியாது.

எனினும் கலையின் பக்கம் நின்று ஒன்று கேட்கலாம். நேற்றுத் தான் செய்ததை இன்று அழகற்றதாகக் காட்ட வேண்டிய கட்டாயத்தில் உள்ளவன் எதனைச் செம்மை செய்ய முடியும்? சிற்பி தன் உளியை எப்போது நிறுத்துவது என்று அறிந்தவன். எர்லுக்கு அந்த உரிமை இல்லை. 1948-இன் சிறு துடுப்போடு நிறுத்தியிருந்தால் அது அழகிய அணியாக நின்றிருக்கும். நாட்காட்டி அவரை நிறுத்த விடவில்லை. அந்த விதியால் அவர் உயர்ந்தார்; அதை அவரும் விரும்பியே ஏற்றார். ஆதலால் குற்றத்தில் ஒரு பங்கு அவருக்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

இன்னொரு குறையும் சொல்லத்தக்கது. எர்ல் தாமே வரைந்தது மிகக் குறைவு. தம் மனத்திலிருந்ததைச் சொல்லால் உணர்த்தி, பிறர் வடித்ததைத் திருத்தியவர் அவர். திரைப்பட இயக்குநரின் தொழிலுக்கு நிகரானது இது. ஹெர்ஷி, பில் மிட்செல், கிளேர் மக்கிச்சன் போன்றோரின் உழைப்பு நெடுங்காலம் அவர் பெயருக்குள் அடங்கிக் கிடந்தது. ஒரே கண்ணின் ஆட்சியில் ஒருமைப்பாடு உண்டு. அந்தக் கண் தவறினால் ஐந்து பெயர் வண்டிகளும் ஒருங்கே தவறும் என்பதை 1958 காட்டியது.

எஞ்சி நிற்பது

எர்ல் 1958-இன் இறுதியில் ஓய்வு பெற்றார். மிட்செல் அவருடைய இடத்துக்கு வந்தார். துடுப்பு 1960-இலேயே குறுகத் தொடங்கியது. 1965ஆம் ஆண்டுக் காடிலாக்கில் அது மறைந்தே போயிற்று. 1963-இல் மிட்செல் வெளியிட்ட பியூக் ரிவியேரா, கார்வெட் ஸ்டிங் ரே ஆகிய இரண்டிலும் குரோமியம் சுருங்கியது. நீண்ட கோடும் ஒன்றிய உடலும் மட்டும் நின்றன. ஆசிரியரின் அணியை விலக்கி, அவருடைய அமைப்பைப் போற்றினார் மாணவர். எர்லைப் பற்றிய சிறந்த திறனாய்வு இவ்விரு வண்டிகளே என்று சொல்லத் தோன்றுகிறது.

நீளமும் தாழ்வும் என்ற அவருடைய விருப்பமும் என்றும் மாறாதது அன்று. இன்று அமெரிக்கர் உயர்ந்த வண்டிகளையே விரும்பி வாங்குகின்றனர். ஆயினும் கணிப்பொறி வந்த பிறகும், புதிய வண்டியை முழு அளவில் களிமண்ணில் வடித்து, சுற்றி நின்று பார்க்கும் வழக்கம் மறையவில்லை. உறுப்புகளின் தொகுதியாக நின்ற வண்டியை ஓருருவமாகக் கண்ட அந்தப் பார்வையே அவர் விட்டுச்சென்ற செல்வம். பழைய வண்டிகளின் படங்களைப் புரட்டும் நேயர்கள், 1959-இன் துடுப்பைக் கண்டு வியந்த பிறகு, 1938-இன் 'ஒய்-ஜாப்' பக்கமும் சிறிது நேரம் நிற்க வேண்டும். எர்லின் கை அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது.